கொக்கி எண் பதினேழு

கூட்டம் ஏழு மணிக்கு.
பள்ளிக்கூடத்துத் தச்சுப் பட்டறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்,
மரத்தூள் வாசனையோடு நாற்பது நாற்காலி.
பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
யூட்லாந்து முழுக்க ஒரே இருட்டு.
குளிர்கடல் நீச்சல் சங்கத்தின் பொருளாளர் நான்,
ஒன்பதாவது வருடமாக,
வேறு யாரும் கை தூக்காததால்.

உறுப்பினர் அறுபத்து மூன்று.
தலைக்கு நானூற்றைம்பது குரோனர்.
சானா வாசலில் இருக்கும் உண்டியலில்
விருந்தாளிகள் போட்டது மூவாயிரத்து நூற்றிருபது,
ஒரு ஸ்வீடன் நாணயமும் ஒரு சட்டைப் பொத்தானும் நீங்கலாக.

செலவில் மின்சாரத்துக்குத்தான் பெரிய வாய்:
பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது.
கல்லடுப்பு சூடேற முக்கால் மணி நேரம்,
நாங்கள் தண்ணீரில் இருப்பதோ முக்கால் நிமிடம்.
காப்பீடு.
ஏணிக்குத் துருப்பிடிக்காத திருகாணிகள்,
அந்தப் பெயரைக் கடல் பொய்யாக்கும்வரை.
காப்பி, கேக். வங்கிக் கட்டணம்.
உபரி ஐயாயிரத்து முப்பத்து நான்கு.
சேமநிதி எண்பத்தொன்பதாயிரத்து
இருநூற்று நாற்பத்து நான்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பேச்சு.
நாங்கள் கடலிலேயே போடுகிறோம்,
சல்லிக்காசு பிசகாமல்.

வில்லாஸ் எழுந்தான்.
இரட்டைக் குழந்தைகள், புதுவீட்டுக் கடன்,
தாளைப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள்.
"மூன்று வருடச் செலவுக்கு மேல் கையில் வைத்திருக்கும் சங்கம்
உறுப்பினர்களிடம் கடன் வாங்கிய சங்கம்.
எதற்கு இவ்வளவு?"

என்னிடம் விதி எதுவும் இல்லை.
முந்தைய பொருளாளர் எஸ்பென் விட்டுப்போன தகரப் பெட்டியில்
பென்சிலால் ஒரே சொல்: பாலத்துக்கு.
பணத்தை வைத்துக்கொள்ள
வங்கி எங்களிடம் வாடகை கேட்ட வருடங்கள்கூட உண்டு.
முனகிக்கொண்டே கட்டினோம்.
ஏனென்றால் ஓர் அக்டோபர் இரவில்
கடலுக்கு எங்கள் பாலம் வேண்டியிருக்கலாம்.
கடல் சந்தா கட்டுவதில்லை,
ஆனால் எல்லாக் கூட்டத்திலும் அதற்கு ஓட்டு உண்டு.

முழுப் பாலத்துக்குத் தச்சர் சொல்லும் விலை
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
நூற்றுப்பன்னிரண்டு பலகை.
நம் கையிருப்பில் நாற்பத்தொரு பலகை வரும் என்றேன்,
அதற்குப் பிறகு ஏணிக்கு நீந்தித்தான் போக வேண்டும்.
சிரித்தார்கள்.
சிரித்தபடியே ஓட்டுப் போட்டார்கள்:
இருபத்தொன்றுக்குப் பதினெட்டு.
சந்தா இனி முந்நூற்று எழுபத்தைந்து.
சிஸெல் எனக்கு மட்டும் கேக்கைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினாள்.
வில்லாஸ் சொன்னது தப்பில்லை.
வீடு திரும்பும் வழியில், காருக்குள்,
அதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

கூட்டத்தில் நான் சொல்லாதது ஒன்று:
அறுபத்து மூன்றில் ஒருவர் தண்ணீரில் இறங்குவதில்லை.
குட்ரூன் கோபன்ஹேகன் போய் நான்கு வருடம்.
குளிர்நீர் கூடவே கூடாதென்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார்.
ஆனாலும் ஜனவரி இரண்டாம் தேதி பணம் வந்துவிடும்,
குறிப்பில் "கொக்கி 17."
உடைமாற்றும் அறையில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது அது.
அதில் எதுவும் தொங்குவதில்லை.
புதிதில் வில்லாஸ் ஒருநாள் தன் கோட்டை மாட்டினான்.
சிஸெல் ஒன்றும் பேசாமல்
அதை எடுத்துப் பதினெட்டில் மாட்டினாள்.

சந்தா குறைந்ததை எல்லோருக்கும் கடிதத்தில் எழுதியிருந்தேன்,
குட்ரூனுக்கும்.
அடுத்த ஜனவரி இரண்டாம் தேதி வந்தது
நானூற்றைம்பது.
கொக்கி 17.

எழுபத்தைந்து அதிகம்.
நன்கொடை என்றால் ரசீது கேட்பார் தணிக்கையாளர்.
முன்பணம் என்றால் அடுத்த வருடத்தை
அவள் சார்பில் நான் வாக்களிப்பதாகிவிடும்.
திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.
ஒரு பலகையில் அது இரண்டு விரற்கடை நீளம்,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எந்தப் பத்தி என்று தெரியாமல்
ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.